கூலிக்கு மாடு ஓட்டிய கௌபாய்களின் பிழைப்பு எப்படி இருந்தது?

கேள்வி:
1870, 80களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் கூலிக்கு வேலை பார்த்த கௌபாய்களைத் திரைப்படங்கள் துப்பாக்கி வீரர்களாகவே காட்டுகின்றன. அவர்களுடைய அன்றாட வேலையையும் சம்பளத்தையும் பற்றி அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயில் நிலையங்களுக்கு மந்தை ஓட்டிச் சென்றதை முதலில் சொல்ல வேண்டும். சுமார் 2,500 மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்களே இருந்தனர். விரட்டினால் மாடு இளைத்து விலை குறையும் என்பதால், மேயவிட்டபடியே நாளுக்கு 10 முதல் 15 மைல் நடத்திச் சென்றதில் பயணம் மாதக்கணக்கில் நீண்டது. அனுபவசாலிகள் முன்னே செல்ல, புதிதாகச் சேர்ந்த பையன்கள் கழுத்துத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நொண்டி மாடுகளையும் சண்டி மாடுகளையும் கடைசியில் தள்ளிக்கொண்டு, நாள் முழுக்கப் புழுதி தின்றார்கள். இரவிலும் இருவர் இருவராக, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முறை வைத்து, மெல்லப் பாடியபடி மந்தையைச் சுற்றி வந்தார்கள். பழகிய குரல் கேட்டுக்கொண்டிருந்தால் மாடு மிரளாது. சம்பளம் பெரும்பாலும் மாதம் 25 முதல் 40 டாலர். சமையல்காரருக்குச் சற்றுக் கூடுதல். எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியதோடு காயத்துக்கு மருந்தும் அவரே இட்டதால், அதைக் குறை சொல்ல முடியாது.

பதில் 2:
இவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசமாக இருந்தனர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிறு வீசிப் பிடிக்கும் கலையே வாக்கேரோக்கள் எனப்பட்ட மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தது. குளிர்காலம் தொடங்கியதும் பலரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று, சில்லறை வேலை செய்து கொடுத்துச் சாப்பிட்டுக் காலம் தள்ளினார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இதை எதிர்த்து அவர்கள் ஒன்றுசேரவே இல்லையா?

பதில் 2:
சேர்ந்தார்கள், ஐயா. 1883இல் டெக்சாஸின் வடகோடியிலுள்ள பான்ஹேண்டில் பகுதியில் 24 பேர் கையொப்பமிட்டு, மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் அறிவித்தனர். கூலி மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. முன்பு, குறியிடப்படாத கன்றுகளுக்குத் உடைமையைக் காட்டும் தன் சூட்டுக்குறியைப் போட்டு, முதலாளியின் மேய்ச்சல் நிலத்திலேயே சில மாடுகளை வளர்த்து, கூலியாளும் மெல்லப் பண்ணைக்காரன் ஆகலாம். வெளி முதலீட்டில் இயங்கிய பெரும்பண்ணைகள் அந்த வழியை அடைத்துவிட்டன. வேலைநிறுத்தமோ சில மாதங்களில் பிசுபிசுத்துப்போனது. வேலை தேடி வந்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லாததால், முதலாளிகள் புது ஆட்களை எளிதில் அமர்த்திக்கொண்டார்கள்.