ஹோட்டன் சமவெளி: ட்ரவுட் ஓடையோரம் நடக்க எந்த வழி?

பனிக்கூதல்: பெப்ரவரியில் நுவரெலியாவில் 2 நாள் தங்கல். உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பெலிஹுல் ஓயா என்ற ஓடை ஓரமாகக் கூட்டமில்லாமல் நடந்து ட்ரவுட் மீனும் பறவைகளும் பார்க்க வேண்டும். எந்தப் பக்கமாக நடப்பது? தூண்டில் கொண்டு வரலாமா?

கீனாமரம்: தூண்டில் வேண்டாம். 1988 முதல் ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா. உள்ளே மீன் பிடிக்கக் கூடாது.

காலை 6 மணிக்கு வாயில் திறக்கும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஏறக்குறைய 30 கிலோமீற்றர், வளைவு அதிகம், 4.45க்கே வான் வண்டியில் ஏறிவிடுங்கள். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். 9, 10 மணிக்குள் மூடுபனி ஏறிவிடும் என்பதால் எல்லாரும் முதலில் உலக முடிவுக்குத்தான் ஓடுவார்கள். பாதை பிரியும் இடத்தில் நீங்கள் பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்புங்கள். கூட்டம் சுற்றி வரும்வரை ஓடை உங்களுக்குத்தான்.

மீன் பார்ப்பதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, அடித்து வரும் பூச்சிக்குக் காத்திருக்கும். அதனால் பாலத்தில் நின்றால் தண்ணீர் வரும் பக்கம் பாருங்கள், மீன் உங்களுக்கு முதுகு காட்டி நிற்கும். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் அது உங்களை முதலில் பார்த்துவிடும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. போலராய்ட் கண்ணாடி இருந்தால் நீர்மேல் மினுக்கம் குறையும். நுரை பொங்கும் இடத்தில் தேடுவது வீண். மடு முடிந்து தண்ணீர் ஆழம் குறையும் இடத்தைக் கவனியுங்கள். முதல்நாள் மழை பெய்திருந்தால் கலங்கலில் ஒன்றும் தெரியாது.

மரைக்கொம்பு: வழி சரி, ஆனால் விடியற்காலையில் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடத்தில் கவனம். கல்லும் வேரும் ஈரத்தில் வழுக்கும். பிடிமானமுள்ள சப்பாத்து இல்லையென்றால் இறங்கவே வேண்டாம். குளிக்கவும் தடை. பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும், நடக்கத் தொடங்கினால் வியர்க்கும், அதனால் ஒரே தடித்த ஜாக்கெட்டை விட மெல்லியதாக 2, 3 உடுப்பு நல்லது.

வாயிலில் பையைத் திறந்து பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுவார்கள். பிஸ்கட்டை முன்கூட்டியே டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதை தொடங்கும் ஃபார் விடுதிப் பக்கம் மரைகள் (பெரிய மான்கள்) கிட்ட வரும், தீனி போடாதீர்கள். தீனி தேடிப் பழகியவை பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன.

அரெங்கா: பறவைக்கு ஓடையை விட, பட்டிப்பொல வாயில் தாண்டிச் சாலையோரம் வரும் அரெங்கா குளம் மேல். இலங்கைச் சீகாரப் பூங்குருவி இருள் பிரியும்போது வரும், வெளிச்சம் ஏறியதும் புதருக்குள் போய்விடும். வாகனத்தை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ட்ரவுட் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட மீன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தச் சமவெளியின் ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறிய நன்னீர் இறால் உண்டு. மீனைத் தேடுகிறவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

பனிக்கூதல்: நன்றி. ரயிலில் வந்தால் சரிப்படுமா?

கீனாமரம்: விடியலுக்குச் சரிப்படாது. ஒஹிய நிலையத்தில் இறங்கினாலும் மேலே 10 கிலோமீற்றருக்கு மேல் ஏற்றம். வான்தான்.