சிந்து முத்திரையில் இருப்பது ஒற்றைக்கொம்பனா, பக்கவாட்டில் நிற்கும் காளையா?

தாராபுரத்தான்:
வணக்கம். ஒற்றைக்கொம்புக் குதிரைப் படம் போட்ட பைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிய எங்கள் மகள், சிந்துவெளிப் பாடத்தில் ஒரு கொம்பு விலங்கு பொறித்த முத்திரையைக் கண்டதும், "இது நம்ம நாட்டுலயே இருந்ததுங்களாப்பா?" என்று கேட்டாள். மறுநாள் கட்டுத்தறியில் எங்கள் காங்கேயம் மயிலைக் காளை பக்கவாட்டில் நின்றபோது, அந்தப் பக்கத்துக் கொம்பு முழுதாக மறைந்து ஒன்று மட்டுமே தெரிந்தது. முத்திரை வெட்டியவரும் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் வெட்டினாரோ?

நொய்யல்கரை:
ஐயா, ஆய்வாளர் சிலரும் இவ்வாறே கருதியதுண்டு, நான் ஏற்பதில்லை. அதே முத்திரைகளில் திமில் காளையும் பக்கவாட்டில்தான் நிற்கிறது, ஆனால் அதற்கு இரண்டு கொம்புகளையும் ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்கள். மேலும் ஹரப்பா, சான்ஹுதாரோ ஆகிய சிந்துவெளி ஊர்களில் ஒரே கொம்புடைய சுடுமண் பொம்மைகள் கிடைத்துள்ளன. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய பொம்மையில் கொம்பு எங்கே போய் ஒளியும்? இன்னொன்று, முத்திரையின் ஒற்றைக்கொம்பனுக்குத் திமில் கிடையாது.

அவிநாசி வாசகர்:
மகளின் பையில் உள்ள குதிரைக்கு வேறு வழி. பாரசீக அரண்மனையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் டெசியாஸ், சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன், இந்தியாவில் வெள்ளை உடலும் கருஞ்சிவப்புத் தலையும் நீலக் கண்ணும் கொண்ட காட்டுக்கழுதை உண்டென்றும், ஒரு முழ நீளமுள்ள அதன் கொம்பில் குடித்தால் நஞ்சு ஏறாதென்றும், நேரில் பாராமல் கேள்விப்பட்டதை எழுதிவைத்தார். காண்டாமிருகச் செய்தியும் இதில் கலந்திருக்கும் என்பது பலரின் கருத்து. நஞ்சுமுறி என்ற இந்த நம்பிக்கையில்தான் ஐரோப்பிய அரசர்கள் பெரும்பொருள் கொடுத்துக் 'கொம்பு' வாங்கினார்கள். அவற்றுட் பல வடதுருவக் கடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கிலத்தின் முறுக்கிய பல் என்று டென்மார்க்கின் மருத்துவர் ஓலே வோர்ம் 1638இல் விளக்கினார். குதிரை நெற்றியில் வரையும் கொம்பு இன்றும் முறுக்கோடு இருப்பது அந்தப் பல்லால்தான்.

விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 'ஒற்றைக்கொம்பன்' என்று ஆன எபிரேயச் சொல், நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'காண்டாமிருகம்' ஆயிற்று.

பேரூரான்:
கம்பர் பாடிய கலைக்கோட்டு முனிவரையும் மகளுக்குச் சொல்லுங்கள். மான் வயிற்றில் பிறந்து தலையில் கொம்போடு வளர்ந்தவர். தசரதனுக்கு வேள்வி நடத்தியவர். கொம்பு மனிதருக்கு முளைத்தது நம் பக்கத்துக் கதை.

தாராபுரத்தான்:
அனைவருக்கும் நன்றி. நொய்யல்கரை ஐயா சொன்ன பிறகு மீண்டும் போய்ப் பார்த்தேன். கொம்பை மட்டும் உற்றுப் பார்த்தவன், குன்றுபோல் நின்ற திமிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மகள் இப்போது பை வேண்டாம், சுடுமண் பொம்மை வேண்டும் என்கிறாள்.