கூடாரம் இரவல் கிடைக்கும், அதை எங்கே அடித்துத் தங்குவது?

வேலூர்க்காரர்:

டிசம்பர் விடுமுறைக்கு ஊட்டியில் அறை விசாரித்தோம். இரண்டு இரவுக்குக் கேட்ட வாடகையில் எங்கள் வீட்டு மாத மளிகையே முடிந்துவிடும். அலுவலக நண்பரிடம் நால்வர் படுக்கும் கூடாரம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, போளூரில் பஸ் பிடித்து ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் போய்விட்டோம்.

இறங்கிய பிறகுதான் விழித்தேன். சுற்றிலும் காடு, ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் அடிக்கக் கூடாது. தேநீர்க் கடையில் என் மனைவி என்னைக் கடிந்துகொண்டிருந்ததைக் கேட்ட ஒரு பெரியவர், "சாமை அறுத்த நிலம் சும்மாதான் கிடக்கிறது, வந்து படுங்கள்" என்றார். கழிப்பறை உண்டா என்று மனைவி கேட்டாள். உண்டு என்றதும்தான் பையைத் தூக்கினாள்.

பெரியவர் இரண்டு கட்டு வைக்கோலும் கொடுத்தார், தரைக் குளிர் முதுகில் ஏறுமாம். பெரிய மனிதத்தனமாக வேண்டாம் என்றேன். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் ஜன்னல்களையும் இழுத்து மூடினேன். இரவு மூன்று மணிக்குச் சின்னவள் எழுப்பி, "மழை பெய்கிறது அப்பா" என்றாள். வெளியே தலையை நீட்டினால் மேகமே இல்லை. நாங்கள் நால்வரும் விட்ட மூச்சுதான் கூரைத் துணியில் குளிர்ந்து, நீர் கோத்து, எங்கள் மேலேயே சொட்டியிருக்கிறது! காற்று போக வழி விட்டிருந்தால் இவ்வளவு நனைந்திருக்க மாட்டோம்.

ஆனால் அந்த வானம்! இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி உள்ள தொலைநோக்கியை ஏன் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பள்ளிப் பாடத்தில் புரியாதது அன்றைக்குப் புரிந்தது. நால்வரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தோம். நான்கு மணிக்கு இருட்டில் தடவிப் போய் அந்த வைக்கோலைத் தூக்கி வந்தேன். பெரியவர் திண்ணையிலிருந்து இருமினார், ஒன்றும் சொல்லவில்லை.

பஸ், சாப்பாடு, பெரியவரின் பேரன் கையில் வைத்தது எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் தாண்டவில்லை.

நாமக்கல்காரர்:

வைக்கோலை வேண்டாம் என்றீர்களா! எங்கள் கதை கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் தம்பிக்கு இரண்டு முறை வாந்தி. தெரிந்தவர் தோட்டத்தில் வாடகைக் கூடாரத்தை அடித்து, சாப்பாட்டுப் பையை உள்ளேயே வைத்துவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறி வந்தபோது கால் எங்களுடையதாகவே இல்லை. கூடாரத்தின் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. குரங்குகள் வாழைப்பழம், ரொட்டி எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஊறுகாயை மட்டும் விட்டுவைத்திருந்தன. கிழிசலுக்குக் கொடுத்த பணம் வாடகையைவிட அதிகம். சாப்பாட்டைக் கூடாரத்தில் வைக்காதீர்கள், மூடியிருந்தாலும் சரி.

பொள்ளாச்சிக்காரி:

நாங்கள் மூன்று பெண்கள், முன்பின் தெரியாத ஊரில் தங்க வீட்டில் விடமாட்டார்கள். அதனால் பெரியப்பாவின் தென்னந்தோப்புக்கே போனோம், வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். நிழலாக இருக்கிறதே என்று இரண்டு மரங்களுக்கு நடுவே கூடாரம் அடித்தோம். காவலுக்கு இருக்கும் அண்ணன் ஓடிவந்து, "தேங்காய் விழுந்தால் மண்டை தாங்குமா? மட்டை விழுந்தாலே போதுமே!" என்று சத்தம் போட்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அது எங்களுக்குத் தோன்றவில்லை, வெட்கம்தான்.

கொப்பரை காயவைக்கும் களத்துக்கு மாறினோம். சிமென்ட் தரையில் முளை இறங்காது. நான்கு மூலைக் கயிற்றையும் தேங்காய் மூட்டைகளில் கட்டினோம். பகல் வெயிலைக் குடித்த தரை நள்ளிரவு வரை கதகதப்பாக இருந்தது, ஜவ்வாது மலைக்காரர் பொறாமைப்படலாம். டிசம்பர் 13, ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சமாகும் நாட்கள். கூடாரத்துக்குள் யாரும் போகவே இல்லை. நாற்பது வரை எண்ணினோம், பிறகு எண்ணிக்கையில் சண்டை வந்து விட்டுவிட்டோம். செலவு பெட்ரோலும் முறுக்கும்தான். வீட்டில் கட்டில் இருக்கக் களத்தில் போய் ஏன் படுத்தாய் என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வேலூர்க்காரர்:

பொறாமைதான். கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பிரித்தால் உள்ளே பூஞ்சணம். மொட்டை மாடியில் மூன்று நாளாகக் காய்கிறது, நண்பர் இன்று திரும்பக் கேட்டார். கறை போக யாருக்காவது வழி தெரியுமா?