அமெரிக்கச் சட்டக் கல்லூரி ஃபெலோஷிப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் தங்கை ஜே.டி. (அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டம்) முடித்து நியூயார்க்கில் திவால் வழக்குகள் பார்க்கிறாள். பேராசிரியராக வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பிஎச்.டி. கிடையாது. அதனால் முதலில் ஃபெலோஷிப் என்கிற தற்காலிகப் பதவி ஒன்றைப் பிடித்து, அங்கிருந்தபடி ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு, பிறகு நிரந்தர வேலை தேடலாம் என்று திட்டம்.

சிகாகோ சட்டக் கல்லூரியின் பிகெலோ, ஹார்வர்டின் கிளைமென்கோ என்ற இரண்டு ஃபெலோஷிப்புக்கும் விண்ணப்பிக்கிறாள். முதலாண்டு மாணவர்களுக்குச் சட்ட ஆய்வும் எழுத்தும் சொல்லித்தர வேண்டும், மீதி நேரம் சொந்த ஆய்வு. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் கிளினிக் (மாணவர்கள் வழக்கு நடத்திப் பழகும் பிரிவு) ஃபெலோஷிப் 2 ஆண்டு, முடிவில் எல்எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டமும் உண்டு. ஆனால் அங்கே நிஜக் கட்சிக்காரர்கள், நிஜ வழக்குகள். எழுத நேரம் கிடைக்குமா?

இதற்கிடையில் வேறொரு கல்லூரி ஓராண்டு 'விசிட்டிங்' (தற்காலிகமாக வந்து பாடம் நடத்தும்) பதவிக்குக் கூப்பிடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. சட்டக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎல்எஸ் நடத்தும் ஆசிரியர் வேலைப் பதிவேட்டில் அடுத்த ஆண்டு வேலைக்கான விண்ணப்பங்கள் ஆகஸ்டிலேயே கல்லூரிகளுக்குப் போய்விடும். வீடு மாற்றிய அட்டைப்பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டாள், அதற்குள் கட்டுரை தயாராக இருக்க வேண்டும். இப்போது கையில் இருப்பதோ அரைகுறையாக 30 பக்கம். அவளானால், "வந்ததை விடக்கூடாதுண்ணா" என்கிறாள்.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: சேரும் முன்பே இந்த விசிட்டிங் பதவியை 2 ஆண்டாக நீட்டித் தரக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? முதல் பருவத்தில் ஒரே பாடம் போதும் என்று கேட்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பொதுவில் எழுதத் தயங்கினால் இன்பாக்ஸில் வாருங்கள்.