கிழக்குத் தீமோருக்கு ஆஸ்திரேலியப் படை போனது யாருக்காக?

கடலோடி: 1999 செப்டம்பர் 20இல் கிழக்குத் தீமோரின் தலைநகர் திலியில் இறங்கிய, ஆஸ்திரேலியா தலைமையிலான இன்டர்ஃபெட் பன்னாட்டுப் படையை ஆளாளுக்குப் புகழ்கிறீர்கள். 1975இல் இந்தோனேசியா உள்ளே புகுந்தபோது இதே ஆஸ்திரேலியா வேடிக்கைதானே பார்த்தது? அப்புறம் அந்த ஆக்கிரமிப்பை அங்கீகரிக்கவும் செய்தது. 1989இல் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் தீமோர்க் கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி எண்ணெய்ப் பங்கீட்டில் கையெழுத்துப் போட்டு, ஷாம்பேனும் குடித்தார்கள்.

பெர்த்காரன்: அமைச்சர் குடித்த ஷாம்பேனுக்குச் சிப்பாயின் தலையையா உருட்டுவது? 1999 ஆகஸ்ட் 30இல் அங்கே நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலை கேட்டார்கள். உடனே இந்தோனேசிய ராணுவத்தின் துணையோடு ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1264ஆம் தீர்மானம் வந்தது செப்டம்பர் 15. ஐந்தே நாளில் படை இறங்கிவிட்டது. ஐ.நா.வின் நீலத் தொப்பி அமைதிப் படை என்றால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும். வட ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து உடனே கிளம்பக்கூடிய நிலையில் வேறு யார் இருந்தார்கள்?

கடலோடி: ஜகார்த்தா தலையாட்டும்வரை காத்திருந்துதானே போனார்கள்? அதற்குள் திலி பாதி சாம்பல்.

பெர்த்காரன்: சம்மதம் இல்லாமல் போயிருந்தால் அது இந்தோனேசியாவோடு நேரடிப் போர். அதைத்தான் கேட்கிறீர்களா?

நடுநிசி: இருவரும் களத்தை விட்டுவிட்டீர்கள். அக்டோபர் 10, இந்தோனேசியாவின் மேற்குத் தீமோர் எல்லையில் மோத்தாயின் என்ற கிராமம். ஆஸ்திரேலிய ரோந்து மீது அந்தப் பக்கத்திலிருந்து சுட்டார்கள், இவர்களும் திருப்பிச் சுட்டார்கள். பார்த்தால் இரு தரப்பு வரைபடத்திலும் எல்லைக்கோடு வேறு வேறு இடத்தில்! அதிகாரிகள் வரைபடத்தை விரித்துப் பேசி அடக்கினார்கள். அந்த நிதானத்தில்தான் தளபதி பீட்டர் காஸ்க்ரோவின் படைக்கு என் மதிப்பு. 20க்கும் மேற்பட்ட நாடுகள் ஆள் அனுப்பின. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் இருந்ததால் ‘வெள்ளைக்காரன் படையெடுப்பு’ என்ற பேச்சும் எடுபடவில்லை.

கடலோடி: களத்தில் ஒழுங்காக நடந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2004இல் அதே தீமோரின் அமைச்சரவை அறையில் ஒட்டுக்கேட்புக் கருவி வைத்தது யார்? எண்ணெய்ப் பேரம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. புதுக் கடல் எல்லை ஒப்பந்தம் 2018இல்தான் வந்தது, அதுவும் தீமோர் வழக்காடிய பிறகு.

பெர்த்காரன்: அது உளவுத்துறை செய்த வெட்கக்கேடு. 1999இல் காட்டிலிருந்து வீடு திரும்பிய ஜனங்களிடம் போய்ப் படை வந்திருக்கக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள்.

கடலோடி: வந்திருக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? 24 வருஷம் தாமதம் என்கிறேன்.