கண்வலிக் கிழங்கு: பாட்டி காலத்துத் தகவல் தேவை

எல்லோருக்கும் வணக்கம். கண்வலிக் கிழங்கை, அதாவது செங்காந்தள் செடியின் கிழங்கை, அந்தக் காலத்தில் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று குறிப்புகள் சேர்க்கிறேன். திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் இன்று விதைக்காகத்தான் பயிரிடுகிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கோல்சிசின் என்ற வேதிப்பொருள், கவுட் மூட்டுவலி மருந்துக்குப் போகிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கதை. நஞ்சுக்கொடி விழத் தாமதமானால் மருத்துவச்சிகள் இந்தக் கிழங்கை அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பற்றுப் போடுவார்களாம். கலப்பை மாதிரி வளைந்த அந்தக் கிழங்கை யார் தோண்டி வருவார்கள்? பற்றை எப்போது கழுவி எடுப்பார்கள்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்களேன், ஊர்ப் பெயரோடு.

அப்புறம், செடி முழுக்க விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். 'நான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' வகை வீரக்கதைகளும் வேண்டாம்.