அம்மாவின் இலையில் இடது ஓரம்

தம்பி, பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் அப்பா வலது கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் அம்மாவின் சாப்பாட்டு இலைதான் ஞாபகம் வந்தது.

பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இலையில் வலது பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, "ஊறுகாய் வைக்கலையா?" என்பார். ஊறுகாயும் உப்பும் இடது ஓரத்தில் அப்படியே இருக்கும். இலையைத் திருப்பி வைத்தால், "இப்பத்தான் வெச்சியா?" என்று தொட்டுக்கொள்வார். கண்ணில்தான் கோளாறு என்று கண் மருத்துவரிடம் ஓடினோம். கண் நன்றாகவே இருந்தது.

நரம்பியல் மருத்துவர்தான் விளக்கினார். அடைப்பு வலது மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள 'பரைட்டல்' பகுதியில். வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கும். இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும்தான். அதனால் வலது மூளை அடிபட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை.

1978இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி அப்புறம் படித்தேன். இத்தாலியின் மிலான் நகரில், இதே பாதிப்பு உள்ளவர்களிடம் கதீட்ரல் சதுக்கத்தை மனதில் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களைத்தான் சொன்னார்கள். தேவாலய வாசலில் நின்று எதிரே பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்ட கட்டடங்கள் எல்லாம் வந்துவிட்டன!

நானும் அம்மாவிடம் எங்கள் தெருவைக் கேட்டேன். பிள்ளையார் கோயிலிலிருந்து வந்தால் தையல் கடை, மாவு மில். பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்தால் மருந்துக் கடை, ரேஷன் கடை. நாற்பது வருடம் நடந்த தெரு. எதையும் மறக்கவில்லை, அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே தோன்றவில்லை. தயவுசெய்து அப்பாவைத் திட்டாதீர்கள். விவரம் தெரியாமல் நான் திட்டியிருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது.

தெரபிஸ்ட் சொன்னபடி சாப்பாட்டு மேசையின் இடது விளிம்பில் சிவப்பு ரிப்பன் ஒட்டினோம். அது கண்ணில் படும்வரை அம்மா தலையைத் திருப்ப வேண்டும். செய்தித்தாளிலும் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு. செத்த செல்கள் திரும்பி வராது, சரி. ஆனால் பிழைத்திருக்கும் பகுதிகள் பழகப் பழகப் புது இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் நின்றுவிடுவதில்லை.

அம்மாவின் கோல நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் பக்கங்களில் எல்லாம் பாதித் தாமரைதான். எட்டு மாதம் கழித்து, போன வாரம் வரைந்ததில் இடது ஓரத்தில் ஒரே ஓர் இதழ் விட்டுப்போயிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பென்சிலை மறுபடி எடுத்தார்.